மங்கிப்போன மொசைக், மார்பிள், கல் தரை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பழைய மொசைக் தரை மங்கிவிட்டால், பாலிஷ் திரவம் ஒரு கேன் வாங்கி ஊற்றித் துடைப்பதைத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். இரண்டு வாரம் மினுங்கும். பிறகு கால் படும் இடமெல்லாம் தேய்ந்து, ஓரங்கள் மஞ்சளடித்து, முன்பைவிட மோசமாகத் தெரியும். கல்லின் பளபளப்பு மேலே பூசும் பொருளில் இருந்து வருவதில்லை. கல்லின் முகம் எவ்வளவு நுணுக்கமாகச் சமப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு அது ஒளியைத் திருப்பும். அந்தச் சமம் எதனால் கெட்டது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

காரணங்கள் பெரும்பாலும் நான்குக்குள் அடங்கிவிடும்: மேலே ஏதோ படிந்திருக்கிறது, மணல் கீறியிருக்கிறது, அமிலம் அரித்திருக்கிறது, அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குச் செய்தால் தரை கூடுதலாகக் கெடும்.

கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கதவுக்குப் பின்னால் அல்லது அலமாரிக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தாலோ, ஒரு நிமிடத்தில் துடைத்த பிறகு மங்கிய வட்டம் தெரிந்தாலோ அது சுண்ணாம்புச் சத்துள்ள கல்: மார்பிள், கடப்பா, கோட்டா, மார்பிள் சில்லு போட்ட மொசைக். எதுவும் ஆகவில்லை என்றால் கிரானைட்டாக இருக்கலாம், அல்லது மேலே பூச்சு இருக்கலாம். இரண்டில் எது என்பதை ஒரு நாணயத்தின் விளிம்பு காட்டிக்கொடுக்கும். லேசாகச் சுரண்டினால் வெள்ளைச் செதில் அல்லது மெழுகு போன்ற துகள் வருகிறதா? அது பூச்சு.

அடுத்து, அறையை இருட்டாக்கி டார்ச்சைத் தரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கீறல், பள்ளம், துடைத்த தடம் எல்லாம் அப்போது நிழலோடு எழுந்து தெரியும். பிறகு ஒரு சதுர அடி இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் நிறம் ஆழமாகத் தெரிந்து காய்ந்ததும் மங்கினால் கல்லுக்குக் குறை ஒன்றுமில்லை, மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பாகியிருக்கிறது. தேய்த்துப் பாலிஷ் போட்டால் திரும்பிவிடும். ஈரத்திலும் அழுக்காகவே தெரிந்தால் கறை உள்ளே இறங்கியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு ஆக்சைடு தரையை மொசைக் என்று நினைத்து மெஷின் வைத்துவிடாதீர்கள். அதில் நிறம் கலந்த அடுக்கு சில மில்லிமீட்டர்தான். தேய்த்தால் அடியில் இருக்கும் சாம்பல் நிறச் சிமெண்ட் வெளிவந்துவிடும், திரும்ப மூட வழியில்லை. அதற்குச் சுத்தம் செய்து மெழுகு தேய்ப்பதோடு நிறுத்த வேண்டும்.

தரை முழுவதும் பிசுபிசுக்கிறது, மஞ்சளடிக்கிறது, துடைத்த உடனே கால்தடம் விழுகிறது

கல் நன்றாகவே இருக்கிறது. அதன் மேல் பழைய மெழுகு, அக்ரிலிக் பூச்சு, சோப்புப் படலம், பினாயிலின் எண்ணெய் என அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது. உப்புத் தண்ணீரும் சோப்பும் சேரும் இடத்தில் இந்தப் படலம் சீக்கிரம் கட்டும்.

சோப்புப் படலம் மட்டும்தான் என்றால் வெந்நீரும், பிஎச் 7-ஐ ஒட்டிய, அதாவது அமிலமும் காரமும் இல்லாத, கல் தரைக் கிளீனரும் போதும். இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினால் போய்விடும். பூச்சாக இருந்தால் காரத்தன்மை உள்ள ஸ்ட்ரிப்பர், அதாவது பழைய பூச்சைக் கரைத்து எடுக்கும் திரவம், தேவை. லேபிளில் சொன்ன அளவில் கலந்து, ஒரு தடவைக்கு 3 அல்லது 4 சதுர மீட்டர் மட்டும் நனைத்து, 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். இடையில் காய விடக் கூடாது. காய்ந்தால் கரைந்த பூச்சு திரும்பவும் ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் கடினமாக இருக்கும். நைலான் பேடால் தேய்த்து, கூழாக வருவதை ரப்பர் வைப்பரால் ஒரு பக்கம் ஒதுக்கி அள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் குறைந்தது இரண்டு முறை கழுவுங்கள். காரம் மிச்சம் இருந்தால் காய்ந்ததும் சாம்பல் பூத்தது போல் தெரியும். பிஎச் தாள் ஒன்றை ஈரத்தரையில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

இதை முடித்த பிறகு அடியில் இருந்த பாலிஷ் அப்படியே வெளிவருவது உண்டு. அப்படி வந்தால் மெஷினைத் தொடவே வேண்டாம்.

நடக்கும் பாதை மட்டும் மங்கல், சுவரோரமும் கட்டிலுக்கு அடியிலும் பளபளப்பு

இது மணல் செய்த வேலை. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் மார்பிளின் கால்சைட் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. செருப்போடு வரும் ஒவ்வொரு மணல் துகளும் உப்புத்தாள் போல் தரையைக் கீறிக்கொண்டே போகிறது. எந்தத் திரவம் ஊற்றினாலும் இந்தக் கீறல் போகாது. மேற்பரப்பை மறுபடி தேய்த்துச் சமப்படுத்துவது ஒன்றே வழி.

மெஷின் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று ஓடும் ஒற்றைத் தட்டு மெஷினாக, நல்ல எடையுள்ளதாக இருக்க வேண்டும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் கை கிரைண்டரை வைத்துக் கல் தரையைத் தேய்ப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய சேதம். அது போடும் பிறைநிலாப் பள்ளங்களை எடுக்க மறுபடி 50 நம்பரில் இருந்து தொடங்க வேண்டிவரும் (நம்பர் குறையக் குறையத் தேய்க்கும் துகள் கரடு, கூடக் கூட நுணுக்கம்). ஓரங்களுக்கு வேகத்தைக் குறைக்க முடிகிற, தண்ணீர் வசதியுள்ள சிறிய பாலிஷர் வேண்டும்.

டைமண்ட் பேட் வரிசை: 50, 100, 200, 400, 800, 1500, 3000. கார்பரண்டம் (சிலிக்கான் கார்பைடு) தேய்ப்புக் கல்லில் செய்தால் 60, 120, 220, 320 அல்லது 400, அதன் பிறகு பாலிஷ் பவுடர். எங்கே தொடங்குவது என்பதைத் தரைதான் சொல்லும். மறைவான இடத்தில் 60 செ.மீ. சதுரம் ஒன்றை 400-ல் தேய்த்துப் பாருங்கள். பழைய கீறல் போய்விட்டால் அங்கிருந்தே மேலே போகலாம். போகவில்லை என்றால் 200, அதிலும் போகவில்லை என்றால் 100. கல் ஓரங்கள் ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமாக இருந்து நகம் தட்டினால் மட்டும் 50. தேவைக்கு மேல் கரடாகத் தொடங்குவதால் கல்தான் வீணாகத் தேயும், கூலியும் ஏறும்.

ஒவ்வொரு நம்பரிலும் முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக ஓட்டுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கிரானைட்டிலும் அடிச்சிமெண்டிலும் சிலிக்கா இருப்பதால் உலர்வாகத் தேய்த்த தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரமாகத் தேய்த்தாலும் முகமூடி போடுங்கள். மெஷினின் மின் இணைப்பு 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் வழியாக வரட்டும்.

இனிமேல்தான் பொறுமை தேவைப்படும் இடம். ஒரு நம்பர் முடிந்ததும் சேற்றை முழுவதும் அள்ளி, கழுவி, தரையைக் காய விடுங்கள். ஈரம் கீறலை மறைத்துவிடும். ஈரத்தில் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அடுத்த நம்பருக்குப் போனால், 3000-ல் எல்லாம் பளபளக்கும்போது அந்தக் கீறல் மட்டும் தனியாகக் கண்ணில் குத்தும். காய்ந்த தரையில் டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். எல்லாக் கீறலும் ஒரே மெல்லிய அளவில் பரவலாக இருந்தால் அந்த நம்பரின் வேலை முடிந்தது. நடுவே ஒன்றிரண்டு வளைவுக் கோடு ஆழமாகத் தெரிந்தால் அது முந்தைய நம்பரின் மிச்சம். இப்போதைய பேடால் அது போகாது, ஒரு படி பின்னால் போய் எடுத்துவிட்டு வர வேண்டும். துடைக்கும் வாளி, துணி, மெஷினின் அடித்தட்டு மூன்றையும் ஒவ்வொரு நம்பருக்கும் கழுவுங்கள். 50 நம்பர் துகள் ஒன்று 800 பேடுக்கு அடியில் சிக்கினால் அரை அறை வேலை போய்விடும்.

400 முடிந்ததும் தரை பட்டுத்துணி மாதிரி இருக்கும், பிரதிபலிப்பு இருக்காது. கவலைப்பட வேண்டாம். 800-ல் டியூப்லைட்டின் உருவம் கலங்கலாகத் தெரியத் தொடங்கும், 1500-ல் ஜன்னல் கம்பி தெரியும். 800-ஐ விட்டுவிட்டு 400-லிருந்து 1500-க்குத் தாவுவதும், அதைப் பாலிஷ் பவுடர் சரிக்கட்டிவிடும் என்று நம்புவதும் பலர் செய்யும் தவறு. பவுடர் நுணுக்கமான கீறலை மட்டும்தான் எடுக்கும்.

பாலிஷ் பவுடர் என்று விற்பதில் ஆக்ஸாலிக் அமிலமும் டின் ஆக்சைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்தூளும் இருக்கும். அமிலம் கால்சைட்டோடு சேர்ந்து கால்சியம் ஆக்ஸலேட் என்ற கரையாத மெல்லிய தோலை உண்டாக்க, தூள் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கும். சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிராம் தூவி, கஞ்சிப் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, வெள்ளை நைலான் பேட் அல்லது ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பேடால் 3 முதல் 5 நிமிடம் ஓட்டுங்கள். நடுவில் துணியால் ஒரு கோடு துடைத்துப் பார்த்தால் பளபளப்பு ஏறியிருப்பது தெரியும். தண்ணீர் அதிகமானால் தூள் வழுக்கிக்கொண்டு ஓடும், ஏறாது. பேட் காய்ந்து இழுக்கத் தொடங்கினால் கல் சூடேறி மேற்பரப்பு கெடும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். மிச்சம் காய்ந்தால் வெள்ளைப் புகையாகப் படியும்.

ஆக்ஸாலிக் அமிலம் விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம். பிளீச்சிங் பவுடரோடும் பிளீச் திரவத்தோடும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வரும். சேறு கலந்த தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள். கல் தூளும் சிமெண்ட் தூளும் குழாய்க்குள் படிந்து இறுகி அடைத்துவிடும். வாளியில் படிய வைத்துத் தெளிந்ததை மட்டும் கொட்டி, அடிமண்டியைத் தனியாக அப்புறப்படுத்துங்கள்.

சொட்டுச் சொட்டாக, வட்டமாக வெளுத்த தடம்

எலுமிச்சை, புளித்தண்ணீர், வினிகர், குளிர்பானம், கழிவறை சுத்தம் செய்யும் அமிலம் பட்ட இடம். கறை என்று நினைத்து ஓயாமல் தேய்க்கிறார்கள். அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை, கல்தான் கரைந்து போயிருக்கிறது. விரலால் தடவும்போது வழவழப்பாகவே இருந்தால், பாலிஷ் பவுடரைச் சிறிது ஈரத்தோடு ஃபெல்ட் துண்டில் எடுத்து இரண்டு மூன்று நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் போதும். சொரசொரப்பாக இருந்தால் கைப்பேடில் 800, 1500, பிறகு பவுடர். தடத்தைத் தாண்டி ஒரு சாண் அளவுக்குப் பரவலாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்தால் சிறு குழி விழுந்து ஒளியில் தனியாகத் தெரியும்.

மொசைக்கில் சில்லு மேடாக, சிமெண்ட் பள்ளமாக இருக்கிறது

உள்ளங்கையைத் தேய்த்தால் சில்லுகள் தனித்தனியாகத் தட்டுப்படும், பள்ளத்தில் அழுக்கு அடைந்திருக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவிய தரை இப்படித்தான் ஆகும். அமிலம் மார்பிளையும் கரைக்கும், சிமெண்டையும் கரைக்கும். சிமெண்ட் நுண்துளைகள் நிறைந்தது என்பதால் முதலில் அரிபட்டுப் போகும். இதற்கு 50 அல்லது 100-ல் தொடங்கி சில்லையும் சிமெண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சில்லின் உச்சி மட்டும் பளபளத்தால் போதும் என்று 400-ல் தொடங்கினால், அழுக்கு பள்ளத்திலேயே இருந்து ஒரு மாதத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சிமெண்ட் பகுதி மார்பிள் சில்லு அளவுக்கு ஒளிராது. இரண்டுக்கும் இடையில் அந்த வித்தியாசம் இயல்பு.

தேய்க்கும்போது சிமெண்டுக்குள் இருந்த காற்றுக் குமிழ்கள் திறந்து ஊசித்துளைகளாகத் தெரியும். 100 நம்பர் முடிந்ததும் வெள்ளைச் சிமெண்டும் அதே நிறப் பொடியும் குழைத்து, ரப்பர் தகட்டால் துளைகளுக்குள் அழுத்தித் தேய்த்து, மூன்று நாள் ஈரம் காக்க வேண்டும். 200 ஓட்டும்போது மேலே படிந்தது போய்த் துளைக்குள் இருப்பது மட்டும் நிற்கும். இந்தப் படியை அவசரத்தில் விட்டவர்கள், முடித்த தரையில் கரும்புள்ளிகள் ஏன் வருகின்றன என்று பிறகு தேடுவார்கள்.

சில்லு பெயர்ந்த குழி, விரிசல்

குழியை உளியால் சுத்தமாக்கி, தூசி எடுத்து, நனைத்து, சில்லும் வெள்ளைச் சிமெண்டும் நிறப்பொடியும் கெட்டியாகக் குழைத்து 1 அல்லது 2 மில்லிமீட்டர் மேடாக நிரப்புங்கள். நிறத்தை ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காய்ந்தால் வெளிறும். ஒரு மாதிரித் துண்டு செய்து ஒரு நாள் காய வைத்து ஒப்பிடுங்கள். நனைத்த சாக்கால் மூடி ஏழு நாள் வைத்த பிறகு தேயுங்கள். விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு இரண்டு மூன்று மாதம் பாருங்கள். நீண்டுகொண்டே போனால் அடித்தளம் அசைகிறது. அப்போது சிமெண்ட், எபாக்சி எதை நிரப்பினாலும் திரும்ப விரியும்.

உள்ளே இறங்கிய கறை

மேலே தேய்த்து எடுக்க முடியாததைக் களிம்பு போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். வாசனையில்லாத டால்க் அல்லது கயோலின் (வெள்ளைக் களிமண்) தூளைக் கறைக்கேற்ற திரவத்தில் குழைத்து 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு, கறையைத் தாண்டி இரண்டு விரல் அகலம் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு முழுவதும் காய விடுங்கள். காயும்போதுதான் கறை கல்லில் இருந்து தூளுக்கு ஏறும். ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட்டுப் பலனில்லை என்று சொல்லக் கூடாது.

எண்ணெய்க் கறைக்கு அசிட்டோன். சட்டெனத் தீப்பற்றும், ஜன்னலைத் திறந்து அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். டீ, காபி, இலைச் சாற்றுக்கு 6 முதல் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கருநிறக் கல்லில் நிறம் வெளுக்கலாம், மறைவில் சோதித்துக்கொள்ளுங்கள். துருக் கறைக்குச் சாதாரணத் துருநீக்கியை மார்பிளில் ஊற்றாதீர்கள், அது அமிலம். கல்லுக்கென்றே வரும் அமிலமில்லாத துருநீக்கி வேண்டும். தியோகிளைக்கோலேட் உள்ள வகை இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாகும், வேலை நடப்பதற்கு அதுவே அடையாளம். ஆழமான கறைக்கு இரண்டு மூன்று முறை களிம்பு போட வேண்டியிருக்கும்.

துடைத்தாலும் துடைத்தாலும் வெள்ளைப் பொடி பூக்கிறது

அடியில் இருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து மேலே விடுகிறது. 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ கருத்த ஈரமோ தெரிந்தால் உறுதி. குழாய்க் கசிவு, வெளிச்சுவரோரம் தேங்கும் தண்ணீர், கழிவறைத் தரையின் ஒழுக்கு, இவற்றை முதலில் அடைக்க வேண்டும். பொடியை உலர்ந்த பிரஷால் கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள்ளேயே போகும். ஈரம் நிற்கும் வரை பாலிஷும் வேண்டாம், சீலரும் (கறை இறங்குவதைக் குறைக்கத் தடவும் திரவம்) வேண்டாம். மேலே அடைத்துவிட்டால் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகிக் கல்லின் முகத்தை உதிர்த்துவிடும்.

பாலிஷ் முடிந்த பிறகு தெரியும் குறைகள்

நடுவில் பளபளப்பு, சுவரோரம் ஒரு சாண் மங்கல்: பெரிய மெஷின் எட்டாத இடத்தில் எல்லா நம்பரும் ஓட்டப்படவில்லை. ஓரத்தை முதலில் முடித்துவிட்டு நடுவுக்கு வருவது நல்லது.

ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக: பாலிஷ் பவுடரை அதிக நேரம் ஓட்டியதால் அமிலம் கல்லை அரித்துவிட்டது. 400-க்குத் திரும்பிப் போய் வர வேண்டும்.

வெள்ளைக் கல்லில் இளஞ்சிவப்புச் சாயம்: நிறமுள்ள பேட் சூடேறி விட்ட சாயம். வெள்ளைக் கல்லுக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறப் பேட் வாங்குங்கள்.

கிரானைட்டில் பளபளப்பு ஏறவே இல்லை: மார்பிள் பவுடரைப் போட்டிருப்பார்கள். கிரானைட்டில் கால்சைட் கிடையாது, ஆக்ஸாலிக் அமிலம் வேலை செய்யாது. டைமண்ட் பேட் 3000 வரை ஓட்டி, கிரானைட்டுக்கான பவுடரால் முடிக்க வேண்டும். இரும்புக் கம்பளியும் ஃபுளோரோசிலிகேட் திரவமும் வைத்துச் செய்யும் கிறிஸ்டலைசேஷனும் கிரானைட்டுக்குப் பயன்படாது. மார்பிளில் செய்தால் உதிர்ந்த கம்பளி இழைகளைக் காந்தம் வைத்து எடுத்துவிடுங்கள், ஈரம் பட்டால் துருப்புள்ளி விழும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உள்ள துருநீக்கி மட்டும் கிரானைட்டையும் அரித்துவிடும்.

சீலர், தினசரித் துடைப்பு

கல்லுக்குள் ஊறும் சீலர் பளபளப்பைத் தராது. கறை இறங்கும் வேகத்தைக் குறைக்கும், அமிலத்தைத் தடுக்காது. பாலிஷ் முடித்து இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு தடவி, ஊறாமல் மேலே நிற்பதை லேபிளில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள், துடைத்துவிடுங்கள். கோடு கோடாகக் காய்ந்துவிட்டால் அதே சீலரை மறுபடி தடவி நனைத்துத் துடைத்தால் வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: பதினைந்து நிமிடத்தில் கல் கருக்கவில்லை என்றால் சீலர் இன்னும் வேலை செய்கிறது.

துடைப்பதற்கு முன் கூட்டுங்கள். மணலோடு ஈரத்துணி போட்டால் அது தேய்க்கும் வேலை. வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் மிதியடி போட்டு, அதையே வாரம் இருமுறை உதறுங்கள். ஆசிட், வினிகர், பிளீச்சிங் பவுடர் எதுவும் இந்தத் தரைக்கு வேண்டாம். நடக்கும் பாதை மறுபடி லேசாக மங்கத் தொடங்கும்போதே 1500, 3000, பவுடர் என்று அந்தப் பாதையை மட்டும் ஓட்டிவிட்டால் 100 நம்பர் வரை இறங்க வேண்டி வராது.